கார்ட்டூன் தொடரின் பாணி மாறும்போது நடையைக் காப்பாற்றுவது

பாலக்காட்டின் தமிழக எல்லையோரத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரே கார்ட்டூனை இரண்டு மொழியில் பார்த்துப் பழக்கம். சுட்டி டிவியில் தமிழ் பேசிய டோரா கொச்சு டிவியில் மலையாளம் பேசினாள். தமிழ் மீடியத்தில் படிக்கிற பிள்ளை பக்கத்து வீட்டில் மலையாளத்தில் பார்த்துவிட்டு வந்து, பாட்டியிடம் தமிழில் கதை சொல்லும். குரல் மாறிவிட்டதே என்று அது குறைப்பட்டுக்கொள்வதில்லை. படமும் அசைவும் அப்படியே இருப்பதால் ஆளும் அவளேதான். அதே பிள்ளைக்கு உருவத்தையும் அசைவையும் சேர்த்து மாற்றிக் காட்டினால், அரை நிமிஷத்துக்குள் “இது அந்தப் புள்ள இல்லீங்” என்று தீர்ப்பு வந்துவிடும்.

நீண்ட நாள் ஓடுகிற குழந்தைகள் தொடரைப் புதுப் பாணிக்குக் கொண்டுபோகிறவர்கள் இந்த அரை நிமிஷத்துக்காகத்தான் உழைக்க வேண்டும். கோட்டின் தடிமன், வண்ணம், நிழல் ஆகியவற்றை வைத்து மாதக்கணக்கில் விவாதம் நடக்கிறது. பிள்ளை ஆளை அடையாளம் காண்பதோ வெளிக்கோட்டையும் நடையையும் வைத்து. நடை என்றால் கால் மட்டுமல்ல. எத்தனை பிரேமுக்கு (திரையில் அடுத்தடுத்து ஓடும் தனிப்படத்துக்கு) ஒரு அடி, திரும்புவதற்கு முன் எவ்வளவு நேரம் நிற்கிறான், எப்போது கண் சிமிட்டுகிறான், சிரிப்பு எவ்வளவு நேரம் முகத்தில் தங்குகிறது என்ற மொத்தக் காலக்கணக்கு அது.

டாம் அண்ட் ஜெர்ரி இதற்கு நல்ல சான்று. 1940 முதல் 1958 வரை ஹன்னா, பார்பெரா செய்தவை ஒரு தொகுதி. 1961, 62இல் பிராகா நகரில் ஜீன் டீச் செய்த 13 படங்கள் அடுத்தது. 1963 முதல் 67 வரை சக் ஜோன்ஸ் செய்த 34 படங்கள் அதற்கடுத்தது. டிவியில் மூன்றையும் கலந்துதான் போட்டார்கள். பெயர்ப் பட்டியல் படிக்கத் தெரியாத வயதிலேயே பிள்ளைகள் எது எந்த வகை என்று பிரித்துவிடுவார்கள். பூனை பூனையாகத்தான் இருக்கிறது, எலி எலியாகத்தான் இருக்கிறது. அடி விழுவதற்கு முன் பூனை எவ்வளவு நேரம் காத்து நிற்கிறது என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன.

பாணி ஏன் மாறுகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பெரும்பாலும் கருவி மாறுகிறது, அல்லது கை மாறுகிறது. ஸ்பாஞ்ச்பாப் 1999இல் அசிட்டேட் தாளில் வண்ணம் தீட்டிய படமாகத் தொடங்கி, இரண்டாம் பருவத்திலேயே (சீசனிலேயே) கணினி வண்ணத்துக்குப் போனது. 1996இல் தொடங்கிய ஆர்தர், 16ஆம் பருவத்தில், 2012இல், பிளாஷ் மென்பொருளுக்கு மாறியது. சதுரப் பெட்டி டிவி அகலத் திரையானது இன்னொரு காரணம். செலவு ஒன்று. போட்டியில் புதிதாக வந்த தொடரின் அழகைப் பார்த்துச் சானல் ஆசைப்படுவது இன்னொன்று. கடைசிக் காரணத்துக்காக மட்டும் மாற்றப்படுகிற தொடர்கள்தான் அதிகம் அடிபடுகின்றன. அங்கே எதைக் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் எழுதி வைத்திருப்பதில்லை.

தாமஸ் ரயில் தொடரை ஒரு முறையாவது வரிசையாகப் பார்க்க வேண்டும். 1984இல் தொடங்கியபோது அது உண்மையான பொம்மை ரயில். தண்டவாளத்தில் நிஜமாக ஓடியது. முகங்கள் தனித்தனி அச்சுகள். உணர்ச்சி மாற வேண்டுமானால் முகத்தைக் கழற்றி வேறு முகம் மாட்டுவார்கள். கண்கள் மட்டும் ரேடியோ கட்டுப்பாட்டில் உருளும். வாய் அசையாது. ஒரே கதைசொல்லி எல்லோருக்கும் பேசுவார். 2008இல் 12ஆம் தொகுதியில் பொம்மை ரயிலின் மேல் கணினி முகத்தை ஒட்டினார்கள். 2010இல் 13ஆம் தொகுதி முழுக்க த்ரீடி. வாய் அசையத் தொடங்கியது, ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனிக் குரல் வந்தது. 2021இல் அது டூடி ஆனது, இன்ஜின்கள் துள்ளிக் குதிக்க ஆரம்பித்தன.

இதில் மிகவும் இழந்தது எது என்று கேட்டால் எடை என்றுதான் சொல்வோம். உலோகப் பொம்மை நிற்கும்போது பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று இடித்து நிற்கும். கிளம்பும்போது ஒரு கணம் தயங்கும். அதை யாரும் அனிமேட் செய்யவில்லை, பௌதிகம் இலவசமாகக் கொடுத்தது. கணினிக்கு வந்ததும் அந்தத் தயக்கத்தை ஒருவர் உட்கார்ந்து பிரேம் பிரேமாகப் போட வேண்டும். போடாவிட்டால் ரயில் வழுக்கிக்கொண்டு போகும். பழைய ஊடகம் இனாமாகத் தந்துகொண்டிருந்தது எது என்று பட்டியல் போடுவதுதான் மாற்று வேலையின் முதல் நாள் வேலை. களிமண் பொம்மையில் விரல் தடம் இருக்கும். கையால் வரைந்த படத்தில் கோடு லேசாகத் துடிக்கும். அசிட்டேட் தாளில் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியதால் மெல்லிய நிழல் விழும். இவற்றில் எது வேண்டும், எது போகட்டும் என்பதை வாய்ப்பேச்சாக விடாமல் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

அடுத்தது பழைய நடையை எண்ணி எடுப்பது. பழைய தொடரிலிருந்து ஒரு பாத்திரத்துக்கு 10 ஷாட் போதும்: நடை இரண்டு, ஓட்டம் ஒன்று, திரும்பிப் பார்த்தல், அதிர்ச்சி, சிரிப்பு, அழுகை, உட்கார்தல், எதையாவது தூக்குதல், சும்மா நிற்றல். ஒவ்வொன்றையும் பிரேம் பிரேமாக நகர்த்தி, எந்த பிரேமில் போஸ் மாறுகிறது என்று எக்ஸ் ஷீட்டில், அதாவது பிரேம்வாரியாக அசைவை எழுதும் தாளில், குறிக்க வேண்டும்.

குறிப்பதற்கு முன்பு கையில் இருக்கிற வீடியோ எந்த வகை என்று பார்ப்பது அவசியம். இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. அமெரிக்க, ஜப்பான் டிவிக்குப் போன பிரதியில் நொடிக்கு 24 பிரேம் படத்தை 30க்கு நீட்டியிருப்பார்கள். ஐந்து பிரேமுக்கு இரண்டு கலப்படமாக இருக்கும். அதை அப்படியே எண்ணினால் 12 பிரேம் நடை 15 என்று வரும். இன்வர்ஸ் டெலிசினி செய்து, அதாவது கலப்படத்தைப் பிரித்தெடுத்து, 24க்குத் திருப்பிய பிறகே எண்ண வேண்டும். நம் பக்கத்து டிவி முறைக்கு வந்த பிரதி பெரும்பாலும் 24ஐ 25ஆக வேகப்படுத்தியது. படம் 4 சதவீதம் வேகம், குரலும் அரைச்சுருதியில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஏறியிருக்கும். புதுக் குரல் தேடும்போது அந்த ஏறிய சுருதியை மூலம் என்று நினைத்து ஆள் எடுத்தால், பேசுகிறவருக்குத் தொண்டை கட்டும். பழைய டேப்பிலிருந்து எடுத்ததில் சீப்புப் பல் போல வரி தெரிந்தால் அது இன்டர்லேஸ், ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறிப் பதிந்த படம். அதை முழுப் படமாக்காமல் (டீஇன்டர்லேஸ் செய்யாமல்) வெளிக்கோட்டை அளக்கக் கூடாது.

எண்ணியதில் கிடைப்பது பெரும்பாலும் இப்படி இருக்கும். சாதாரண ஆள் 12 பிரேமுக்கு ஓர் அடி. சிறு பிள்ளைப் பாத்திரம் 8. தாத்தா அல்லது பருத்த ஆள் 16 முதல் 20. கண் சிமிட்ட, மூட 2, மூடிய நிலை 2, திறக்க 3. ஒரு போஸ் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமானால் குறைந்தது 12 பிரேம் அசையாமல் நிற்க வேண்டும். பள்ளிக்கூடம் போகாத வயதுக்கு 16 நல்லது. பழைய கையால் வரைந்த தொடர்கள் செலவு மிச்சம் பிடிக்கத்தான் அதிக நேரம் நின்றன. அந்த நிற்றலே பாத்திரத்தின் குணமாகிவிட்டது. புதுக் கருவியில் அசைவு மலிவு என்பதால் நிற்க வேண்டிய இடத்தில் எல்லாம் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைக்கு முகம் படிக்க நேரம் கிடைக்காது.

தாளிலிருந்து துண்டு ரிக்குக்கு, அதாவது உடம்பைத் துண்டு துண்டாக வரைந்து மூட்டு வைத்துக் கட்டிய கணினிப் பொம்மைக்கு, போகும்போது நடக்கிற கோளாறு வேறு மாதிரி. பிளாஷ் போன்ற மென்பொருளில் இரண்டு கீபோஸ் (முக்கிய நிலைகள்) வைத்தால் நடுவிலுள்ளதை அது தானாக நிரப்பும். சம இடைவெளியில் நிரப்புவதால் ஆள் தண்ணீருக்குள் நடப்பது போல மிதப்பான். பெற்றோர் “இது மலிவான படம்” என்று சொல்வதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு காரணம் இந்த மிதப்புதான். சரி செய்வது கடினமல்ல. தானாக நிரப்பியதை அழித்துவிட்டு, ஒரு போஸிலிருந்து அடுத்த போஸுக்கு மூன்று, நான்கு நிலைகள் மட்டும் வைக்க வேண்டும். நடு நிலையைச் சரியாக நடுவில் வைக்காமல் ஏதாவது ஒரு முனைப்பக்கம் தள்ளி வைக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் எதிர்ப்பக்கம் 3, 4 பிரேம் பின்வாங்கல். நின்றபின் முடியும் துணியும் மட்டும் 4 பிரேம் தாமதித்து அடங்க வேண்டும். அவ்வளவுதான், மிதப்பு போய்விடும்.

மூட்டு அடுத்த தொல்லை. மேல்கையும் முன்கையும் தனித் துண்டுகள். மடக்கும்போது முழங்கையில் கோடு குறுக்கே தெரியும், அல்லது இடைவெளி விழும். இரண்டு துண்டின் முனையும் ஒரே விட்டமுள்ள வட்டமாக இருக்க வேண்டும். சுழற்சிப் புள்ளி அந்த வட்டத்தின் நடுவில். அதற்கு மேலே, வெளிக்கோடு இல்லாமல் தோல் நிறம் மட்டும் பூசிய சிறு வட்டம் ஒன்றை அதே புள்ளியில் ஒட்டினால் குறுக்குக் கோடு மறைந்துவிடும். இந்தச் சிறு வட்டத்தை மறந்துவிட்டு ஆயிரக்கணக்கான பிரேமில் கோட்டை அழித்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு பாத்திரத்துக்கு ஐந்து கோணம் கட்ட வேண்டும்: நேர், முக்கால், பக்கம், பின்முக்கால், பின்புறம். நேரம் மிச்சம் பிடிக்க இடது பக்கத்தைக் கண்ணாடிபோல் திருப்பி வலது பக்கமாக வைப்பார்கள். அம்மா பாத்திரம் புடவை கட்டியிருந்தால் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும். நம் ஊரில் அதைக் கண்டுபிடிக்காத பாட்டியே இல்லை. வேட்டி மடிப்பும் சட்டைப் பையும் அப்படித்தான். திருப்பினால் பக்கம் மாறுகிற பொருள்களை மட்டும் தனி லேயரில் வைத்து, இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக வரைந்துவிடுவதுதான் வழி.

பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை புதிதாகத் தோன்றாது. பகவதி கோயில் கூத்துமாடத்தில் 42 அடித் திரை, பின்னால் 21 விளக்கு, கம்பராமாயணத்துத் தமிழ்ப் பாட்டு. இராமனுக்கு ஒரே பாவை இல்லை. நிற்கிற இராமன், உட்கார்ந்த இராமன், நடக்கிற இராமன், போர் செய்கிற இராமன் என்று தனித்தனிப் பாவைகள். பெரும்பாலும் ஒரு கை மட்டும் அசையும். ஆந்திரத்துத் தோலு பொம்மலாட்டத்தில் பாவைக்கு மூட்டுகள் அதிகம், தோலில் ஒளி ஊடுருவும், வண்ணம் தெரியும். ஒரு பக்கம் போஸை மாற்றி உயிர் கொடுக்கிறார்கள், இன்னொரு பக்கம் மூட்டை அசைத்து உயிர் கொடுக்கிறார்கள். இரண்டும் தேர்ந்த கலைகள். ஆனால் பாலக்காட்டுப் பாவையை எடுத்து ஆந்திர வேகத்தில் ஆட்டினால் இரண்டும் கெடும். பழைய தொடர் போஸ் மாற்றி ஓடிய தொடரா, மூட்டு அசைந்து ஓடிய தொடரா என்று முதலில் தெரிந்துகொண்டு அதற்கேற்ப ரிக் கட்ட வேண்டும்.

கூத்துமாடம் கற்றுத்தருகிற இன்னொன்று நிழல் சோதனை. புது வடிவத்தை முழுக்கக் கறுப்பால் நிரப்பி, திரையில் 2 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுருக்க வேண்டும். பழைய வடிவத்தையும் அப்படியே சுருக்கிப் பக்கத்தில் வைக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆள் என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கண்ணையும் வண்ணத்தையும் எவ்வளவு மெருகேற்றினாலும் பயனில்லை. தலைக்கும் உடம்புக்குமான விகிதம், கழுத்து உண்டா இல்லையா, முடியின் முனைகள் எத்தனை என்ற மூன்றும் மாறாமல் இருந்தால் நிழல் தப்பிவிடும்.

டூடியிலிருந்து த்ரீடிக்குப் போவதுதான் எல்லாவற்றிலும் கடினம். டூடி வடிவத்தில் பொய்கள் நிறைய. பக்கவாட்டில் திரும்பினாலும் வாய் கன்னத்தில் இருக்கும். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் முடி ஒரே மாதிரி நிற்கும். இரண்டு கண்ணும் ஒட்டியிருக்கும். இவற்றை அப்படியே உருண்டை வடிவமாகச் செதுக்கினால் முக்கால் கோணத்தில் விகாரமாக வரும். மாடலைத் திருத்தித் திருத்தி நடுவழிக்குக் கொண்டுவந்தால் எந்தக் கோணத்திலும் பழைய ஆள் போல இராது. வழி என்னவென்றால், பொய்யை த்ரீடிக்கும் சொல்லிக் கொடுப்பது. நேர், முக்கால், பக்கம் மூன்று கோணத்துக்கும் முகத்தின் மூன்று வடிவங்களை பிளெண்ட் ஷேப்பாக வைத்து, கேமரா கோணத்துக்கு ஏற்ப ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறச் செய்யலாம். முடியை கேமராவைப் பார்த்தபடி திரும்ப வைக்கும் கட்டுப்பாட்டில் (கன்ஸ்ட்ரெயின்டில்) மாட்டலாம். வாயைத் தனித் தகடாக முகத்தின்மேல் வழுக்க விடலாம்.

த்ரீடியில் இன்னொரு முடிவு, எத்தனை பிரேமுக்கு ஒரு அசைவு என்பது. கையால் வரைந்த தொடர் இரண்டு பிரேமுக்கு ஒரு படம் என்று போயிருக்கும். த்ரீடி தானாக ஒவ்வொரு பிரேமிலும் அசைக்கும். பாத்திரம் திடீரென்று வழவழவென்று ஆகி, குணம் போய்விடும். பிளெண்டர் மென்பொருளில் இரண்டு பிரேமுக்கு ஒரு கீபிரேம் (நிலை குறித்த பிரேம்) வைத்து, இடைநிலையைக் ‘கான்ஸ்டன்ட்’ என்று மாற்றினால் இரண்டு பிரேமுக்கு ஒன்றாகிவிடும். மோஷன் பிளரை (வேகத்தில் படம் மங்குவதை) அணைத்துவிட வேண்டும். ஆனால் கேமரா பக்கவாட்டில் நகரும் ஷாட்டில் பாத்திரம் இரண்டுக்கு ஒன்று, கேமரா ஒன்றுக்கு ஒன்று என்றிருந்தால், ஆள் தரையில் முன்னும் பின்னும் நடுங்குவான். அந்த ஷாட்டுகளில் மட்டும் பாத்திரத்தின் இடப்பெயர்ச்சியை ஒவ்வொரு பிரேமிலும் நகர்த்தி, கைகால் போஸை மட்டும் இரண்டுக்கு ஒன்றாக வைத்தால் நடுக்கம் நின்றுவிடும். ஊன்றிய கால் வழுக்கினால் அந்த அடிக்கு மட்டும் பாதத்தைத் தரையோடு பூட்டிக்கொள்ளலாம்.

ரெண்டர் கணக்கை, அதாவது கணினி ஒவ்வொரு பிரேமையும் படமாக்க ஆகும் நேரத்தை, முதலிலேயே போட்டுவிடுவது நல்லது. 11 நிமிஷக் கதை, நொடிக்கு 25 பிரேம் என்றால் 16,500 பிரேம். பிரேமுக்கு 40 வினாடி என்றால் ஒரு கணினியில் 183 மணி நேரம், ஏழரை நாளுக்கு மேல். நான்கு கணினியில் இரண்டு நாளுக்குள் முடியும். இது எல்லாம் ஒரே தடவையில் சரியாக வந்தால். திருத்தத்துக்கு இன்னும் பாதி சேர்த்துக்கொள்ள வேண்டும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிவிட்டால் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ரெண்டரை வீடியோ கோப்பாக எடுக்கவே கூடாது. பிஎன்ஜி படங்களின் வரிசையாக எடுத்தால் நின்ற இடத்திலிருந்து தொடரலாம். யூபிஎஸ் கணினியை ஒழுங்காக அணைக்கத்தான், ஓட்டுவதற்கு அல்ல.

இந்திய உதாரணம் ஒன்றைப் பாராட்டியே ஆக வேண்டும். சோட்டா பீம் 2008இல் போகோ சானலில் டூடியாக வந்தான், ஹைதராபாத்தின் கிரீன் கோல்டு தயாரிப்பு. 2019இல் நெட்பிளிக்ஸுக்கு த்ரீடி செய்தபோது, அதே சிறுவனை உருட்டித் தரவில்லை. தவழ்கிற குழந்தை பீம் ஆக்கினார்கள், பேச்சையும் எடுத்துவிட்டார்கள். நடை மாறியதற்குக் கதையிலேயே காரணம் இருக்கிறது, குரல் ஒப்பீடும் எழவில்லை. முழுப் பாணி மாற்றம் தவிர்க்க முடியாது என்றால் இது கௌரவமான வழி. பழைய தொடர் பழையபடியே நிற்கும், புதியது தன் காலில் நிற்கும்.

போகிமான் இன்னொரு விதம். 2016இல் ‘சன் அண்ட் மூன்’ என்ற புதுத் தொகுதி தொடங்கியபோது முகங்களை உருட்டி, கோடுகளைக் குறைத்தார்கள். பழைய ரசிகர்கள் முகத்தைப் பார்த்துக் கோபப்பட்டார்கள். கோடு குறைந்ததால் வரைபவர்களுக்கு முகத்தை விதவிதமாக வளைக்க முடிந்தது, அசைவு கூடியது. அசைவுக்காகக் கோட்டை விட்டுக்கொடுத்தது எங்கள் கணக்கில் நியாயமான பேரம்.

வண்ணத்தில் நடக்கிற பிழை பெரும்பாலும் அளவெடுப்பதில் தொடங்குகிறது. பழைய டிவிடியிலிருந்து ஒரு பிரேமை எடுத்து, அதில் வண்ணம் தொட்டு, புது மாடல் ஷீட்டில் (பாத்திரத்தின் மாதிரி வரைபடத் தாளில்) வைக்கிறார்கள். பழைய டிவிக்கும் எச்டிக்கும் வண்ணக் கணக்கு வேறு. முதலாவது 601, இரண்டாவது 709 என்ற வரையறை. மாற்றாமல் எடுத்தால் சிவப்பும் பச்சையும் லேசாக விலகும். பழைய வண்ண அட்டை கிடைத்தால் அதுவே மூலம். கிடைக்காவிட்டால் பகல் வெளிச்சக் காட்சிகளில் ஐந்தைத் தேர்ந்து, சரியாக மாற்றி, சராசரி எடுக்க வேண்டும். ஒற்றைப் பிரேமை நம்பக் கூடாது.

வெளிக்கோடு 1920 அகலத்தில் 4 முதல் 5 பிக்சல் இருந்தால் டிவியில் நன்றாகத் தெரியும். இன்றைக்கு நிறையப் பிள்ளைகள் அம்மாவின் போனில் பார்க்கிறார்கள். அங்கே 3 பிக்சல் கோடு மறைந்துவிடும். பாத்திரம் தூரத்தில் சிறியதாக வரும்போது கோட்டையும் அதே விகிதத்தில் சுருக்கிவிடும் மென்பொருள். தூர ஷாட்டுக்குத் தடித்த கோடுள்ள தனி ரிக் வைத்துக்கொள்ள வேண்டும்.

4:3லிருந்து 16:9க்கு வரும்போது பழைய படத்தை மேலும் கீழும் வெட்டினால் உயரத்தில் கால் பங்கு போய்விடும், கொண்டையும் பாதமும் இராது. இழுத்து நிரப்பினால் எல்லோரும் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுவார்கள். பழைய கதைகளை இரண்டு பக்கமும் 240 பிக்சல் கறுப்பு விட்டு அப்படியே காட்டுவதே மரியாதை. புதுக் கதைகளில் பொறி இருப்பது வேறு இடத்தில். அகலம் கிடைத்ததும் இரண்டு பாத்திரங்களைத் தள்ளித் தள்ளி நிற்க வைப்பார்கள். முன்பு தோளோடு தோள் நின்ற நண்பர்கள் பிரிந்து நிற்பார்கள். முதல் பருவம் முழுக்க, முக்கிய அசைவை நடுவிலுள்ள 1440 பிக்சலுக்குள் வைத்து, ஓரத்தை மரத்துக்கும் வேலிக்கும் விட்டுவிடுவது நல்லது.

இப்போது வாய். எல்லை ஊர்களில் படம் செய்கிறவர்களுக்கு இது மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். ஒரே படத்துக்குத் தமிழும் மலையாளமும் ஏற வேண்டும். “வாங்க, போகலாம்” என்பது ஐந்து அசைவு, “வரூ, போகாம்” நான்கு. இரண்டிலும் நடுவில் ‘ப’ இருக்கிறது, உதடு மூடுகிறது. அந்த பிரேமில் மூடிய வாய் சரியாக விழுந்தால் மற்றவை கொஞ்சம் முன்பின் போனாலும் கண் மன்னிக்கும். கடைசி ‘ம்’மில்தான் சிக்கல். மலையாளத்தில் உதடு நன்றாக மூடும். தமிழில் பேசும்போது “போலாம்” என்று மூக்கோடு முடிகிறது, உதடு மூடுவதே இல்லை. தமிழுக்கு மட்டும் வாய் செய்து மலையாளம் ஏற்றினால் வாக்கியக் கடைசியில் எல்லாம் வாய் பிளந்து நிற்கும். அந்த இடத்தில் பாதி மூடிய வாய் ஒன்றை வைத்தால் இரண்டு மொழிக்கும் பொருந்தும்.

பழைய தொடரில் நான்கு வாய் வடிவம் மட்டும் இருந்திருக்கும். புது ரிக்கில் 12, 15 என்று கூட்டுவார்கள். குழந்தைகள் தொடருக்கு எட்டு போதும்: மூடியது, பாதி மூடியது, ஆ, ஈ, ஊ, ஓ, உதட்டைப் பல் தொடும் வடிவம், நாக்கு தெரியும் வடிவம். வாய் கூடக்கூடக் கண் வாய்க்கே போகும், முகத்தின் உணர்ச்சி பின்னுக்குப் போகும். தாமஸ் 25 வருஷம் வாயே அசையாமல் கதை சொன்னான் என்பதை மறக்கக் கூடாது.

குரலையும் உருவத்தையும் ஒரே பருவத்தில் மாற்ற வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. டோரேமான் விதிவிலக்கு. 1979 முதல் ஓடிய தொடரில், 2005 ஏப்ரலில் குரல்களும் வரைபாணியும் சேர்ந்தே மாறின, இன்றுவரை ஓடுகிறது. பூனையின் நிழல் மாறவில்லை. பையிலிருந்து கருவி எடுக்கிற அந்தத் தருணமும் மாறவில்லை. அத்தனை ஆழமான வேர் இல்லாத தொடர் அதைப் பார்த்துத் துணியக் கூடாது.

புது மென்பொருளில் ஒளி விளைவுகள் சுலபம் என்பதால் ஓர் எச்சரிக்கை. 1997 டிசம்பர் 16இல் ஜப்பானில் ஒளிபரப்பான போகிமான் கதையில் சிவப்பும் நீலமும் நொடிக்குச் சுமார் 12 தடவை மாறி மின்னின. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நொடிக்கு மூன்று மின்னலுக்கு மேல் வைக்கவே கூடாது. அடர்ந்த சிவப்பு மின்னல் வேண்டவே வேண்டாம். இருட்டறையில் போனை முகத்துக்கு அருகில் வைத்துப் பார்க்கிற பிள்ளைக்காகத்தான் இந்தக் கணக்கு.

வெளியிடுவதற்கு முன் பிள்ளைகளிடம் காட்டிப் பார்க்க வேண்டும். 4 முதல் 6 வயதுக்குள் ஆறு பேர் போதும். “பிடிச்சிருக்கா கண்ணு?” என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் பிடிச்சிருக்கு என்றுதான் சொல்லும், பெரியவர் முகம் பார்த்துப் பேசும். ஒலியை அணைத்து, ஒரு நிமிஷம் ஓடவிட்டு, “இது யாரு?” என்று மட்டும் கேட்க வேண்டும். பெயர் உடனே வந்தால் நிழலும் நடையும் தேறின. அப்புறம் ஒலியோடு முழுக்கதை. கேள்வி எதுவும் வேண்டாம், எந்த நிமிஷத்தில் திரையைவிட்டுத் தலை திரும்புகிறது என்று குறித்துக்கொண்டால் போதும். மூன்று பிள்ளைகள் ஒரே இடத்தில் தலை திருப்பினால் அங்கே நிற்றல் குறைவா, ஓட்டம் அதிகமா என்று எக்ஸ் ஷீட்டில் பார்க்கலாம்.

முதல் புதுக்கதை பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த இடத்தில், தெரிந்த வேலையில் தொடங்கட்டும். புது ஊர், புது வில்லன், புது நண்பன் எல்லாம் நாலாவது கதைக்குத் தள்ளலாம். தொடக்கப் பாட்டின் மெட்டை ஒரு பருவமாவது மாற்றக் கூடாது. அடுக்களையில் இருக்கிற பிள்ளை ஓடி வருவது அந்த மெட்டுக்குத்தான்.

மாற்றம் முடிந்தபின் பழைய கோப்புகளைக் கட்டி வைக்கிற வேலை ஒன்று இருக்கிறது, இதில் சோம்பல் காட்டினால் அடுத்த தடவை எல்லாவற்றையும் முதலிலிருந்து எண்ண வேண்டி வரும். பிளாஷ் பிளேயர் 2020 டிசம்பர் 31இல் நின்றபோது, அந்தப் பிளேயரில் ஓடும் எஸ்டபிள்யூஎஃப் கோப்பை மட்டும் வைத்திருந்தவர்கள் திண்டாடினார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஐந்து கோணமும் எட்டு வாயும் ஒளிபுகும் பின்னணியுள்ள பிஎன்ஜியாக, நீளப் பக்கம் 4000 பிக்சல் அளவில். வெக்டர் வடிவம் எஸ்விஜியாக. வண்ண எண்கள் சாதாரண எழுத்துக் கோப்பில். எக்ஸ் ஷீட்டுகள் ஸ்கேன் செய்து, நொடிக்கு எத்தனை பிரேமில் எண்ணியது என்று தாளின் மேலேயே எழுதி. இரண்டு வன்தட்டில் நகல் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் ஏறாமல் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டையும் இயக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.